கட்டடத்தை விட்டு வெளியே போகாத தரவு

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பேசச் சொன்னபோது, ஊக்கமூட்டும்படி ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். அப்படிச் சொல்லவும் என்னிடம் சில உண்டு. எந்திரங்களைப் பற்றியும் மென்பொருளைப் பற்றியும் உங்களுக்கே என்னைவிட அதிகம் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு அதெல்லாம் எவ்வளவோ மாறிவிட்டது. மாறாத ஒன்றைப் பற்றித்தான் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நன்றாக முடிந்த கதை இல்லை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணிப்பு மையத்துக்கு நான் பொறுப்பாக இருந்தேன். பூதலூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போவேன். எங்களிடம் இருந்த சூப்பர் கம்ப்யூட்டர் சின்னது. பெரிய மையங்களின் ஆட்கள் அதைப் பார்த்தால் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு காப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட எங்களை ஒரு பெரிய திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கடலோர வயல்களில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது, அடுத்த சாகுபடிப் பட்டத்தில் எங்கே நெல் கருகும் என்று செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்லும் மாடலை நான்கு மையங்கள் சேர்ந்து பயிற்றுவிக்க வேண்டும்.

ஒவ்வொரு மாநிலத்தின் மண் பரிசோதனை விவரமும் அந்தந்த மாநிலத்திலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் தரவை ஓரிடத்தில் குவிக்கவில்லை. மாடல்தான் ஊர் ஊராக வந்தது. எங்களிடம் வரும், எங்கள் வயல்களைப் பார்த்துக் கற்கும், கற்றதனால் தனக்குள் என்னென்ன எண்கள் மாறின என்பதை மட்டும் வடக்கே இருந்த தலைமை மையத்துக்கு அனுப்புவோம். நான்கு மையங்களிலிருந்தும் வந்த மாற்றங்களைச் சேர்த்து, சராசரி எடுத்து, புதிய மாடலைத் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி அடுத்த சுற்று.

எங்கள் பங்குக்கான மண்ணைச் சேகரித்தவள் கலைவாணி. திட்டத்துக்காக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட ஆராய்ச்சியாளர். அவள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில் இருந்தது. அவளுடைய அப்பா அம்மா காலத்தில் அந்தக் குடும்பம் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பம். அப்பா இறந்த பிறகு சித்தப்பா கோவிந்தராசு சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நிலத்தை வைத்துத்தான் அவளைப் படிக்க வைத்தார். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் அது. சில வருடம் வந்து சேராமலும் போகும். ஆற்றில் தண்ணீர் குறையும்போதெல்லாம் கடல் தண்ணீர் கழிமுகம் வழியாக உள்ளே ஏறும்.

முதலில் மண் கொடுக்க ஊரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. இறால் பண்ணைக்கு நிலம் கேட்டுத் தரகர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எவன் வயல் உப்பேறிப்போய் விளைச்சல் விழுந்திருக்கிறது என்று தெரிந்தால் அவனைத்தான் முதலில் பிடிப்பார்கள். நடுவில் ஒருவன் விற்றுப் பண்ணை வெட்டிவிட்டால், அந்த உப்புத் தண்ணீர் கசிந்து பக்கத்து வயலும் போய்விடும். அப்புறம் அவனும் விற்றே ஆக வேண்டும். ஆக, எந்த வயல் நொந்துபோய்க் கிடக்கிறது என்பது வெளியே தெரியாமல் இருப்பதுதான் அந்த ஊருக்குப் பாதுகாப்பு.

கலைவாணி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "உங்க மண்ணு விவரம் தஞ்சாவூர்ல எங்க கட்டடத்தை விட்டு வெளிய போகாது. நான் பொறுப்பு." அவள் முகத்துக்காகக் கொடுத்தார்கள். இரண்டு பட்டம், பைபையாக மண்ணும் பாட்டில் பாட்டிலாகப் போர்த் தண்ணீரும் கொண்டுவந்தாள். நானும் அந்த வாக்கைக் கேள்வி கேட்கவில்லை. திட்டத்தின் முதல் பக்கத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தது.

திட்டம் முடியப்போகும் தறுவாய். மாடலை எல்லோர் முன்னும் இயக்கிக் காட்டும் நாள் நெருங்கிவிட்டது. ஒரு மத்தியானம் கலைவாணி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், நாம அனுப்புனதுலேர்ந்து திருப்பி எடுத்துட்டேன்."

"எதை?"

"வயல."

மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். திரையில் ஒரு மங்கலான படம். ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி இருந்தது. தரவு எதையும் தொடாமல், தலைமை மையத்துக்குப் போன எண் மாற்றங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்தப் படத்தைப் பார்த்திருந்தால் மாடல் இப்படி மாறியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டிருக்கிறாள். இப்படிச் செய்ய முடியும் என்று எங்கோ படித்தவள், எங்களுடையதில் நடக்கிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறாள். பெரிய மையங்களில் ஒரு சுற்றுக்கு ஆயிரக்கணக்கான வயல்கள் கலந்து போகும். எதையும் பிரித்தெடுக்க முடியாது. எங்களிடம் இருந்ததே சில ஊர்கள்தான். சில சுற்றுகளில் ஒரே ஊரின் நாலைந்து வயல்கள் மட்டும் போயிருந்தன.

"படம் மங்கலாத்தான் வருது. ஆனா வாய்க்கால் வளைவு தெரியுது பாருங்க. இந்த வளைவ வச்சு எங்க ஊரு ஆளு யாரா இருந்தாலும் எந்த வயல்னு சொல்லிடுவாங்க. உப்பு அளவு படத்தவிட சுத்தமா வருது." விரலைத் திரையில் வைத்தாள். "இது சித்தப்பா வயல். இருக்கறதுலயே மோசம் இதுதான்."

எனக்குத் தெரிந்தவரை இதைத் தடுக்க ஒரு பூட்டு இருக்க வேண்டும். ஒவ்வொரு மையமும் அனுப்புவதை மூடி அனுப்பினால், தலைமை மையத்துக்கு நான்கின் கூட்டுத்தொகை மட்டும்தான் தெரியும், தனித்தனியாகத் தெரியாது. அந்தப் பூட்டு இருக்கிறதென்று நம்பித்தான் நாங்கள் அனுப்பிக்கொண்டிருந்தோம். உடனே தலைமை மையத்து ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். கும்பகோணத்துக்காரர். கெட்ட மனிதர் இல்லை.

"அத எடுத்துட்டோமே மேடம்," என்றார் சாதாரணமாக. "அது வேலை செய்யணும்னா நாலு மெஷினும் ஒரே நேரத்துல தயாரா நிக்கணும். ஒவ்வொரு மையத்துலயும் மெஷினுக்குக் கியூ. ஒருத்தருக்கு இடம் கிடைக்கறப்ப இன்னொருத்தருக்குக் கிடைக்கல. திட்டமே நகராமக் கிடந்துது. வேற வழியில்ல."

"எங்ககிட்ட சொல்லலையே."

"அது தொழில்நுட்ப விஷயம்னு நெனச்சோம். டேட்டா உங்ககிட்டதானே இருக்கு? ஒரு ஃபைல்கூட வெளிய வரலையே."

அவர் சொன்னது உண்மைதான். ஒரு ஃபைல்கூட வெளியே போகவில்லை. நான் அடுத்ததைக் கேட்டேன். "நாங்க அனுப்புனத யாரெல்லாம் பாக்க முடியும்?"

ஒவ்வொன்றாகச் சொன்னார். நான்கு மையங்களும் பார்க்கலாம். மாடலைப் பின்னால் பயன்படுத்தப்போகும் கூட்டாளிகளும் பார்க்கலாம். கடலோர நிலங்களைப் பற்றி ஆலோசனை சொல்லும் தனியார் நிறுவனம் ஒன்றும் அதில் இருந்தது.

"யார் தெறந்து பாத்தாங்கன்னு பதிவு இருக்கா?"

"யார் போட்டாங்கன்னு பதிவாகும் மேடம். யார் படிச்சாங்கன்னு பதிவாகாது. அப்படி அமைக்கல."

இந்த இடத்தில் உங்களை ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். உங்களிடம் யாராவது "தரவு வெளியே போகாது" என்று சொன்னால், எது வெளியே போகிறது என்று கேளுங்கள். ஏதோ ஒன்று போகாமல் இந்த வேலை நடக்காது. போவதை யார் படிக்கலாம், படித்தால் தெரியுமா என்று கேளுங்கள். வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

அன்று எனக்கு முன்னால் இருந்தது வேறு சிக்கல். பூட்டைத் திரும்பப் போட நாள் இல்லை, எண்களோடு குருட்டாம்போக்கான சில எண்களை, இரைச்சல் என்கிறோமே அதை, கலந்து அனுப்பலாம் என்றார் ஒருங்கிணைப்பாளர். கலைவாணி செய்து பார்த்தாள். வயல் தெரியாத அளவுக்கு இரைச்சல் சேர்த்தால், எங்கள் மண்ணிலிருந்து மாடல் எதையும் கற்கவில்லை. அவ்வளவு குறைவான வயல்கள் எங்களிடம். ஒன்று, தெரிந்தே தொடர வேண்டும். அல்லது விலக வேண்டும்.

"வெலகுனா இந்த மாடல் உங்க டெல்டாவுக்கே உதவாது," என்றார் அவர். "உப்பு ஏறுதுன்னு முன்கூட்டி சொல்ல முடியாது. யாருக்காக இதையெல்லாம் ஆரம்பிச்சோமோ அவங்களுக்கே இல்லாமப் போயிடும். யோசிச்சு முடிவெடுங்க மேடம்."

அவர் மிரட்டவில்லை. உண்மையைச் சொன்னார். அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

எங்கள் இயக்குநர் வேறு மாதிரி சொன்னார். "அனுப்பறத ரெண்டு நாள் நிறுத்தி வையுங்க. அமைதியா சரிபண்ணிடலாம். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். அங்க யாருக்கு இது புரியப்போகுது?"

"புரியற மாதிரி சொன்னதாலதானே சார் மண்ணு குடுத்தாங்க," என்றேன். "அதே மாதிரி இதையும் சொல்லிட்டு வர்றோம்."

அவர் அனுமதி கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை. மறுநாள் கலைவாணியும் நானும் பஸ் ஏறினோம். திருவாரூர் தாண்டியதும் அவள், "நீங்க பேசுறீங்களா மேடம், நான் பேசவா?" என்று கேட்டாள். "வாக்குக் குடுத்தது நீ. ஆனா மையத்துக்குப் பொறுப்பு நான். நான் ஆரம்பிக்கறேன்," என்றேன்.

நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் உட்கார்ந்தோம். கொள்முதல் முடிந்து களம் காலியாகக் கிடந்தது. மண் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வந்திருந்தார்கள். சித்தப்பா கோவிந்தராசு பின்னால் ஒரு ஓரமாகத் தார்ப்பாய்ச் சுருளின் மேல் உட்கார்ந்தார்.

மாடல், சராசரி என்றெல்லாம் இழுக்காமல் நேராகச் சொன்னேன். உங்கள் மண் விவரத்தை நாங்கள் யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் அதைப் பார்த்து எந்திரம் கற்றுக்கொண்டதை அனுப்பினோம். கெட்டிக்காரர் யாராவது அதை வைத்து உங்கள் வயலைக் கண்டுபிடித்துவிட முடியும். முடியாது என்று நினைத்திருந்தோம். முடியும் என்று கலைவாணிதான் கண்டுபிடித்தாள்.

ஒரு பெரியவர் கலைவாணியைப் பார்த்துக் கேட்டார். "வெளிய போகாதுன்னு சொன்னியே ஆயி?"

"சொன்னேங்க," என்றாள்.

"யாரு பாத்திருக்கா இப்ப?"

"தெரியாதுங்க. பாத்தாங்களான்னே தெரியாது. பாக்க முடியுங்கறது மட்டும் தெரியும்."

"போனத திருப்பி வாங்கலாமா?"

"அழிக்கச் சொல்லலாம். அவங்க அழிச்சோம்னு சொன்னா நம்பித்தான் ஆகணும். மாடல் படிச்சத மறக்க வைக்க முடியாது."

சத்தம் கிளம்பியது. எல்லாவற்றையும் இன்றே நிறுத்த வேண்டும் என்றார்கள். கோவிந்தராசுவின் வயலுக்கு அடுத்த வயலைக் குத்தகைக்குச் செய்யும் ராஜாத்தி மட்டும் எழுந்து நின்றார். கணவர் இல்லை; தனியாகப் பாடுபடும் மனுஷி.

"நிறுத்திட்டா உப்பு ஏறுறத எங்களுக்கு யாரு சொல்லுவா? போன வருசம் நாத்து விட்டு, நட்டு, களை எடுத்து, எல்லாம் ஆன பின்னாடி கருகிப்போச்சு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நடவே நட்டிருக்க மாட்டேன். போனது போயிடுச்சு. இனிமே வர்ற பிரயோசனத்தையும் ஏன் வேண்டாங்கறீங்க?"

"உனக்கென்ன, குத்தகைதானே. நிலமா போவப்போவுது?" என்றார் ஒருவர்.

ராஜாத்தி உட்கார்ந்துவிட்டார். கைதூக்கச் சொன்னபோது நிறுத்துவது என்று முடிவாயிற்று. கோவிந்தராசு கைதூக்கவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை. கலைவாணி அவர் பக்கம் போனாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு," என்றார். வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை.

தஞ்சாவூர் வந்ததும் விலகிவிட்டதாக எழுத்தில் அனுப்பினேன். எங்கள் சுற்றுகளை அழித்துவிட்டதாகவும் எங்கள் பகுதியை இனிக் காட்டுவதில்லை என்றும் பதில் வந்தது. குறிப்பிட்ட நாளில் மாடலை மேடையில் இயக்கிக் காட்டினார்கள். கடற்கரை நெடுகச் சிவப்பும் பச்சையுமாக வயல்கள் தெரிந்தன. டெல்டாவின் கடைமடை வந்தபோது சாம்பல் நிறமாக ஒரு திட்டு. போதிய தரவு இல்லை என்று பொருள். கூடத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த மையத்தின் பகுதிக்குப் போய்விட்டார்கள். இரண்டு பட்டம் அந்தச் சேற்றில் இறங்கி நடந்தவள் என் பக்கத்து நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். திட்டத்தோடு அவள் ஒப்பந்தமும் முடிந்தது. புதுப்பிக்க நான் எழுதிய எதற்கும் பதில் வரவில்லை. சென்னையில் ஒரு கம்பெனியில், கடைகளில் சரக்கு எப்போது தீரும் என்று கணிக்கிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த சம்பாவுக்கு முன்னால் போன் செய்தாள். "மேடம், சித்தப்பா வயலுக்குத் தரகர் வந்துட்டான்."

"ஊர்ல எல்லார்கிட்டயும் கேக்கறானா?"

"இல்ல மேடம். நேரா அவர்கிட்டதான் வந்தான். ஊர்லயே முதல்ல அவர்கிட்ட." பிறகு கேட்டாள். "நம்மகிட்டேர்ந்துதான் போச்சா மேடம்?"

எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் கேட்டேன். ஒருங்கிணைப்பாளர் தன்னால் முடிந்தவரை தேடிப் பார்த்தார் என்றே நம்புகிறேன். படித்தவர் யார் என்பதற்குப் பதிவு இல்லை. இல்லாததை எங்கே தேடுவது? கோடையில் அந்த வரப்பில் நடந்தாலே வயலில் வெள்ளை பூத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். தரகனுக்குக் கண் போதும், சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம். அப்படியும் இருக்கலாம். எங்கள் எண்களை யாரோ பிரித்துப் பார்த்தும் இருக்கலாம். எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு தவறு நடந்ததா இல்லையா என்றே தெரியாமல் அதைச் சுமக்க வேண்டிவரும் என்று இந்த வேலைக்கு வரும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

கோவிந்தராசு விற்றுவிட்டார். கலைவாணி ஊருக்குப் போனபோது நானும் கூடப் போனேன். வாசலில் நின்றவளை இந்த முறை உள்ளே வரச் சொன்னார். காப்பி கொடுக்கச் சொன்னார். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒன்னாலதான் வந்தானான்னு கேக்காத ஆயி. ஆமான்னா நீ தாங்க மாட்ட. இல்லன்னு சொல்ல எனக்குத் தெரியல. ரெண்டு வருசமா வெளச்சல் இல்ல. யார் வந்து கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்னுதான் நெனக்கறேன்."

காப்பி ஆறிவிட்டது. குடித்துவிட்டு வயல் பக்கம் நடந்தோம்.

மூன்று மாவிலும் ஜேசிபி வெட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய மண்ணைச் சுற்றிலும் கரையாகக் குவித்திருந்தார்கள். அந்தக் கரைக்கு இந்தப் பக்கம், தன் குத்தகை வயலின் வரப்பில் ராஜாத்தி நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நீங்க வந்து சொன்னீங்க," என்றார் என்னிடம். "எங்களத் தேடி வந்து யாரும் அப்படி எதையும் சொன்னதில்ல. அது பெருசுதான். ஆனா அதுல எனக்கு என்ன ஆச்சு மேடம்?"

மாடலை நிறுத்தியதால் அவருக்கு முன்னறிவிப்புப் போயிற்று. நிறுத்தியும் பக்கத்து வயல் பண்ணையாயிற்று. கைதூக்கியவர்களில் பலருக்கு இன்னும் நிலம் இருந்தது. நிறுத்தாதீர்கள் என்று சொன்ன ஒருத்தர்தான் முதலில் இழக்கப்போகிறவர். அன்று நான் எடுத்த முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மறுபடி அதே நிலை வந்தால் மறுபடியும் பஸ் ஏறிப் போய்ச் சொல்வேன். ஆனால் சரியான முடிவு யாரையும் காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டு இந்த வேலைக்கு வராதீர்கள். அது காப்பாற்றாத ஆட்களை நேரில் போய்ப் பார்க்கும் தெம்பு இருந்தால் வாருங்கள்.

ராஜாத்தி கலைவாணியிடம் திரும்பினார். "அந்தக் கருவி வச்சிருக்கியா ஆயி, தண்ணி பாக்கறது?"

கலைவாணி பையில் துழாவினாள். வேலை மாறிய பிறகும் உப்பு அளக்கும் அந்தச் சின்ன மீட்டரை அவள் பையிலிருந்து எடுத்துப் போடவில்லை. ராஜாத்தி போர்க்குழாயைத் திறந்து ஒரு சொம்பில் பிடித்து நீட்டினார். மோட்டாரை நிறுத்தினார். சற்று தள்ளி நின்ற ஜேசிபிக்காரரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எழுதிக்காத. யாருக்கும் அனுப்பாத," என்றார். "என்கிட்ட மட்டும் சொல்லு."

கலைவாணி மீட்டரை முக்கிப் பார்த்தாள். இன்னொரு முறை முக்கிப் பார்த்தாள். அப்புறம் ராஜாத்தியின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ராஜாத்தி தலையை ஆட்டினார். சொம்பிலிருந்த தண்ணீரை வரப்பு ஓரமாக ஊற்றிவிட்டு, நாற்றங்காலில் விதைக்க வரப்பில் கொண்டுவந்து வைத்திருந்த விதைநெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.